எதிர்ப்பு யாருக்கு இருந்தது

மகனே,

இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். நம் வீட்டில் எனக்குக் கோபக்காரன் என்று ஒரு பெயர் உண்டு. அந்தக் கோபத்துக்கு நீங்களாகவே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்கள். நான் அதை மறுத்ததில்லை. மறுக்காததால் அது உண்மையாகவே ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே நீ அதை என் முகத்துக்கு நேராகச் சொன்னாய். "ஒரு ஆராய்ச்சிப் பேப்பர்ல உங்க பேரப் போடலன்னு இன்னும் எத்தினி வருசத்துக்குப்பா இந்தக் கோவம்? விடுங்கப்பா." உன் அம்மா என்னைப் பார்க்காமல் அப்பளத்தைப் பார்த்தாள். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன். நீ ஜெயித்துவிட்டதாக நினைத்திருப்பாய்.

இந்தக் கடிதத்தை உன் மேசையில் வைத்தால் நீ படிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். மடித்து எங்கேயாவது செருகிவிட்டு, "அப்புறம் பாக்குறேம்பா" என்பாய். அதனால் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் உன்னோடு படித்தவர்களில் யாராவது ஒருவன் இதைப் படித்துவிட்டு உன்னைக் கூப்பிடுவான். இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் சொல்லப்போகிற தவறை நீ மட்டும் செய்யப்போவதில்லை. தமிழில் நோயாளிக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் யாரும் செய்யக்கூடியது அது.

திங்கட்கிழமை நீ வேலையில் சேர்கிறாய். நான் இருபது வருஷம் இருந்த அதே மலேரியா ஆராய்ச்சி நிலையம், அதே துறை, அதே தலைவர். நாங்கள் அவரை முசியே என்போம், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஏதோ அதிகாரி. காலையில் வராந்தாவில் எதிரே வந்தால் "பொன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கத்தை நாம்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர்மேல் எனக்குச் சின்னச் சின்னக் கோபங்கள் நிறைய உண்டு, அதையும் ஒளிக்கவில்லை. நான் பத்து மாதம் எழுதிக் கேட்டு வாங்கிய நாற்காலியை அவருடைய அறைக்கு எடுத்துப் போனார். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து குழுவாகப் படம் எடுத்தபோது என்னைக் கதவுக்குப் பின்னால் நிற்கவைத்தார். அந்தப் படத்தில் என் முழங்கை மட்டும் இருக்கிறது. இவையெல்லாம் அற்பம். அற்பம் என்று தெரிந்தும் மறக்காதவன் நான். ஆனால் நான் சொல்ல வந்தது இதுவல்ல.

வேலை உத்தரவு வாங்கப் போன இடத்தில் தந்ததென்று அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பெருமையாகக் காட்டினாயே ஒரு தாள், புதுத் திட்டத்தில் மலேரியாப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்குத் தமிழில் கொடுக்கப்போகிற தகவல் தாள், அதில் மூன்றாவது வரியை இரண்டு தடவை படித்தேன். "பரிசோதனையில் எதிர்ப்புத்திறன் காணப்பட்டால் அது தங்களுக்குத் தெரிவிக்கப்படும்." நல்ல தமிழ்தான். பிழை ஒன்றும் இல்லை. "யார் எழுதுனது?" என்று கேட்டேன். "பழைய ஃபைல்ல இருந்துச்சுப்பா, முசியே அதையே போடச் சொல்லிட்டாரு" என்றாய். அதை எடுக்கச் சொன்னேன், அங்கேதான் நம் சண்டை தொடங்கியது. அந்த வரி ஏற்கெனவே ஒரு மனிதரிடம் போய் வந்த வரி என்பது உனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? நான்தான் சொல்லவே இல்லையே.

அவர் பெயர் ஏழுமலை. தவளக்குப்பம் பக்கம். நிலத்தில் வருமானம் போதாமல் சென்ட்ரிங் வேலைக்குப் போனவர். சுனாமிக்கு முந்தைய வருஷங்களில் இங்கிருந்து கூட்டம் கூட்டமாக மங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். அடுக்குமாடிகளின் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கினார்கள். காய்ச்சலோடு திரும்பி வந்தார்கள். நம் ஊரில் எப்போதாவது வரும் மலேரியா சாதுவானது, ஆளைப் படுக்க வைத்துவிட்டு விட்டுவிடும். இவர்கள் கொண்டுவந்தது மூளைக்கு ஏறும் வகை. ஏழுமலை எங்கள் பரிசோதனை மையத்துக்கு வந்தபோது வெயிலில் சால்வை போர்த்தியிருந்தார். விரல் நுனியில் குத்தி, ரத்தச் சொட்டுகளை வடிதாளில் வாங்கி, மேசைமேல் காயவைத்தேன். நடுக்கத்துக்கு நடுவிலும் அவருக்குப் பேச்சு நிற்கவில்லை.

"இன்னா சார், வடாம் மாதிரி காயப் போடுறீங்க?"

"காஞ்சாதான் பத்திரமா இருக்கும். இதுல இருக்குற கிருமியோட ஜாதகத்தப் பாக்கணும்."

"அதுக்கும் ஜாதகமா? என்னுதே பாக்காமதான் கண்ணாலம் கட்டி வெச்சாங்க. அத்தப் பாத்துச் சொல்லுங்க, எப்ப எறங்கிப் போவும்னு."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "இந்த வாய்க்குத்தான் கொசு கடிக்குது" என்றார். கூட்டு ரோட்டில் கீரை விற்கிறவர், கூடையோடு வந்திருந்தார். அன்றைக்கு நடைமுறையில் இருந்த குளோரோகுயின் மாத்திரைகளைக் கொடுத்து, வாரா வாரம் வரச் சொல்லி அனுப்பினோம். காய்ச்சல் இறங்கியது. அடுத்த வாரம் அவர் சைக்கிளிலேயே வந்தார்.

நீ எம்.எஸ்.ஸி. படித்தவன், உனக்கு இது தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலேரியாக் கிருமியின் ஒரு மரபணுவில் எழுபத்தாறாவது இடம் என்று ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் ஓர் எழுத்து மாறினால், அதிலிருந்து உருவாகும் புரதத்தில் ஒரே ஒரு கண்ணி மாறும். அந்தக் கண்ணி மாறிய கிருமி, தன் வயிற்றுக்குள் போன மருந்தை வெளியே தள்ளக் கற்றுக்கொள்கிறது. மாத்திரை போட்டால் கூட்டம் குறையும், காய்ச்சல் இறங்கும், ஆனால் சில மறைந்திருந்து மறுபடி பெருகும். கண்ணி மாறியிருக்கிறதா என்று பார்க்க, அந்த மரபணுத் துண்டைப் பெருக்கி, கத்தரி போல வேலை செய்கிற ஒரு நொதியை அதன்மேல் விட வேண்டும். பழைய எழுத்து இருந்தால் கத்தரி வெட்டும், ஜெல் என்கிற கூழ்த் தகட்டில் ஓட்டிப் பார்த்தால் இரண்டு கோடு தெரியும். எழுத்து மாறியிருந்தால் வெட்டாது, ஒரே கோடு. இதில் ஒரு ஆபத்து உண்டு. கத்தரி மழுங்கிப் போயிருந்தாலும் வெட்டாது. மின்சாரம் போய்க் குளிர்பெட்டி சூடாகி நொதி செத்திருந்தால் ஊரில் உள்ள கிருமியெல்லாம் மருந்துக்கு அடங்காதவையாகத் தெரியும். அதனால் கட்டாயம் வெட்டுப்படும் என்று தெரிந்த வேறொரு ரத்த மாதிரியைப் பக்கத்திலேயே ஓட்ட வேண்டும். அது வெட்டுப்பட்டால்தான் மற்றதை நம்பலாம். இந்த ஒழுக்கத்தை எங்கள் ஆய்வகத்தில் கொண்டுவந்தவன் நான். அதை யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஏழுமலையின் சொட்டு ஒரே கோடு காட்டியது. பக்கத்தில் ஓட்டிய ரத்த மாதிரி ஒழுங்காக வெட்டுப்பட்டிருந்தது. சந்தேகமே இல்லை. முசியே ஊதா வெளிச்சத்தில் குனிந்து பார்த்துவிட்டு "பிராவோ" என்றார். அன்று மாலை எல்லோருக்கும் பேக்கரியிலிருந்து பஃப் வந்தது. ஒரு மனிதரின் உடம்பில் மருந்துக்கு அடங்காத கிருமி இருந்ததற்காக நாங்கள் பஃப் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன்.

இப்படி ஒரே கோடு வந்தவர்களுக்கு ஒரு சீட்டு அனுப்ப வேண்டும் என்று முடிவானது. தமிழில் எழுதும் வேலை எனக்கு வந்தது. நான் எழுதியது இதுதான்: "உங்களுக்கு வந்த கிருமி இந்த மாத்திரைக்கு முழுதாகச் சாகாது. காய்ச்சல் மறுபடி வந்தால் அன்றைக்கே வாருங்கள், வேறு மருந்து தர வேண்டும்." முசியே படித்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"இது என்ன, வெத்தலப் பாக்குக் கடைப் பேச்சு மாதிரி இருக்கு? நம்ம ஸ்தாபனத்து லெட்டர்ஹெட்ல போகுது."

"படிக்கிறவருக்குப் புரியணும் சார்."

"ரெசிஸ்டன்ஸ்னா தமிழ்ல எதிர்ப்புத்திறன். அகராதியில இருக்கு. 'எதிர்ப்புத்திறன் காணப்பட்டது. தொடர் பரிசோதனைக்கு வரவும்.' முடிஞ்சுது. மாத்திரை வேலை செய்யாதுன்னு நாமே எழுதிக் குடுத்தா நாளைக்கு எவன் மாத்திரை திம்பான்?"

"சார், எதிர்ப்புன்னா அவங்க வேற மாதிரி எடுத்துப்பாங்க."

"நீங்க பயாலஜிஸ்டா, தமிழ் வாத்தியாரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதிலிருந்து கொஞ்ச காலம் என்னை "வாத்தியார்" என்றே கூப்பிட்டார்கள். மறுநாளும் போய்ச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். சீட்டு அவர் சொன்னபடியே அச்சாகி வந்தது.

நீயே யோசித்துப் பார். நம் ஊரில் எதிர்ப்பு என்ற சொல்லை ஒருவர் எங்கே கேட்கிறார்? டிவியில் பாலில் கலக்கும் மாவுக்கு விளம்பரம் வருகிறது, குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி. போலியோ சொட்டு போட வருகிறவர்கள் சொல்கிறார்கள், எதிர்ப்புச் சக்தி. உன் ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் கேரட் தின்றால் எதிர்ப்புச் சக்தி. பிறந்ததிலிருந்து அந்தச் சொல் நல்ல செய்தியாக மட்டுமே காதில் விழுகிறது. நம்முடைய அகராதிக்காரர்கள் உடம்பு கிருமியை எதிர்ப்பதற்கும் கிருமி மருந்தை எதிர்ப்பதற்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். "எதிர்ப்புத்திறன் காணப்பட்டது" என்று ஒரு மனிதர் கையில் சீட்டைக் கொடுத்தால், யாருக்கு என்று அவர் கேட்பாரா? சீட்டில் இருப்பது அவருடைய பெயர்தானே.

ஏழுமலை அந்தச் சீட்டைக் காலண்டர் ஆணியில் மாட்டி வைத்தார். டீக்கடையில் காட்டினார். "மங்களூரு போயி வந்தவன்ல எனுக்கு மட்டுந்தான்டா எதிர்ப்பு இருக்குது, கெவருமெண்டே எழுதிக் குடுத்திருக்கு" என்று சொன்னாராம். கூட வேலை செய்தவர்கள், "அப்ப உன் ரத்தத்துல ஆளுக்கு ஒரு சொட்டு குடுண்ணே" என்று கிண்டல் செய்தார்களாம். அடுத்த பரிசோதனைக்கு அவர் வரவில்லை. எதிர்ப்பு உள்ளவர் எதற்கு வர வேண்டும்? வராதவர்களை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த வாரம் எங்கள் ஆய்வகத்து ஜீப் ஒரு விருந்தாளியை அழைத்துவரச் சென்னை விமான நிலையத்துக்குப் போயிருந்தது. அதற்கடுத்த வாரம் அந்த விருந்தாளியைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டது.

கடைசியில் நான் என் மொபெட்டில் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டிப் போனேன். வாசலில் பந்தல் போட்ட குழிகள் மூடாமல் இருந்தன. ஏழுமலையின் மனைவி என்னை அடையாளம் கண்டு உள்ளே உட்காரச் சொன்னார். காய்ச்சல் மறுபடி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அந்தம்மா சொல்ல, "சீட்ட பாரு, எதிர்ப்பு இருக்குது, தானா எறங்கிடும்" என்று ஏழுமலை வேலைக்குப் போயிருக்கிறார். இரண்டாவது நாள் சாரத்திலிருந்து கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்தார்கள். ராத்திரியெல்லாம் மங்களூரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசினாராம். விடிந்ததும் வலிப்பு. ஆட்டோ பெரிய ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

அந்தம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. ஆணியிலிருந்து சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எதிர்ப்பு இருக்குதுன்னு எழுதிக் குடுத்தீங்களே சார். அப்புறம் எப்பிடி?"

சொன்னேன். எழுபத்தாறாவது இடம், கத்தரி எல்லாம் சொல்லவில்லை. எதிர்ப்பு இருந்தது அவருக்கு இல்லை, கிருமிக்கு என்று மட்டும் சொன்னேன்.

அந்தம்மா சீட்டை இன்னொரு தடவை பார்த்தார். "அத்த அப்பிடியே எழுதியிருக்கலாமே சார்" என்றார்.

மகனே, நீ என் கோபத்துக்குக் காரணம் தேடினால் அந்த ஒரு வாக்கியத்தில் தேடு. இன்னொன்றும் உண்டு. அடிக்கடி மலேரியா வரும் மலைப்பகுதிகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உடம்பு ஓரளவு பழகியிருக்கும். ஒரே கோடு வந்தாலும் பலர் தப்பித்துவிடுவார்கள். நம் ஊர்க்காரருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆக, உலகத்தில் எது அவருக்குச் சுத்தமாக இல்லையோ, அது இருப்பதாக லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

பிறகு கட்டுரை தயாரானது. ஒரே கோடு வந்தவர்களில் யாருக்குக் காய்ச்சல் திரும்பியது, யாருக்குத் திரும்பவில்லை என்று அட்டவணை. ஏழுமலைக்கு நேரே "தொடர்பு விட்டுப்போனவர்" என்று இருந்தது. நான் முசியேயின் அறைக்குப் போனேன். என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"சார், இவரு தொடர்பு விட்டுப்போகல. செத்துட்டாரு."

"ஃபாலோ-அப்புக்கு வரலியே. வரலன்னா அப்படித்தான் போடணும்."

"செத்தவரு எப்படி சார் வருவாரு?"

"மலேரியாவுலதான் செத்தாருன்னு ரத்தம் எடுத்தீங்களா? இல்ல. அப்ப அது ஆதாரம் இல்ல. உணர்ச்சிவசப்படாதீங்க."

ரத்தம் எடுக்கவில்லை என்பது உண்மை. அது மலேரியாதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது என்பதும் உண்மை. நான் அதை எழுதச் சொல்லவில்லை. "இறந்தார், காரணம் பரிசோதிக்கப்படவில்லை" என்று எழுதுங்கள் என்றேன். அப்படி எழுதினால் படிக்கிற யாராவது ஒருவர், ஏன் இறந்தார், சீட்டு கொடுத்தீர்களே, என்ன எழுதினீர்கள் என்று கேட்பார். "தொடர்பு விட்டுப்போனவர்" என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஊரை விட்டுப் போனவரைப் போல அவர் போய்விடுவார். முசியேவுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

இப்போது நீ உட்கார்ந்து படிக்க வேண்டிய இடம். அந்தக் கட்டுரையில் என் பெயர் இரண்டாவதாக இருந்தது. முசியே அதை எடுக்கவில்லை. நான்தான் எடுக்கச் சொன்னேன். "அந்த வரி அப்படியே போறதா இருந்தா என் பேரு வேணாம் சார்" என்றேன். பயமுறுத்துகிறேன் என்று நினைத்திருப்பார். பேனா மூடியைக் கழற்றி, "சந்தோஷம்" என்று சொல்லி அடித்துவிட்டார். பதவி உயர்வு அதோடு போனது. கொசு வளர்க்கும் கொட்டகைக்கு என்னை மாற்றினார்கள், ஓய்வு வாங்கிக்கொண்டு வரும்வரை லார்வாவுக்கு நாய் பிஸ்கட் பொடி தூவிக்கொண்டிருந்தேன். வீட்டில் உன் அம்மா கேட்டாள், "உங்க பேர எடுத்துட்டாங்களா?" எடுத்துவிட்டார்கள் என்றேன். நானே எடுக்கச் சொன்னேன் என்றால் என்னைத் திட்டுவாள், அவர்கள் எடுத்தார்கள் என்றால் அவர்களைத் திட்டுவாள். எனக்கு இரண்டாவது வசதியாக இருந்தது. அந்த வசதி வளர்ந்து உன் வாயில் வந்து உட்காரும் என்று எதிர்பார்க்கவில்லை.

வேலையில் சேராதே என்று நான் சொல்லவில்லை. அந்த வேலை தேவை. இப்போது மருந்தை மாற்றிவிட்டார்கள், இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அந்த இரண்டில் ஒன்றுக்கு அடங்காத அடையாளங்களைத் தேடுவதுதான் உன் திட்டம். "இப்ப ஒரு எடம் இல்லப்பா, நாலஞ்சு எடத்துல பாக்கணும்" என்று நீ சொன்னபோது, கோபத்திலும் எனக்கு ஆசையாக இருந்தது. போய்ப் பார். ஒழுங்காகப் பார். முசியேயிடம் என் கணக்கை நீ தீர்க்க வேண்டியதில்லை, பொன்ழூர் கூட நீயே முதலில் சொல்லிக்கொள். அந்த மூன்றாவது வரியை மட்டும் மாற்று.

இன்று காலை அந்த வரியை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு தவளக்குப்பம் கூட்டு ரோட்டுக்குப் போனேன். கொய்யா விற்கிறவரிடம் படித்துக்காட்டி, என்ன புரிகிறது என்று கேட்டேன். "இருக்குன்னு சொன்னா நல்ல சேதிதான சார், வூட்டுக்குப் போயிட வேண்டிதுதான்" என்றார். டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர், படித்தவர் மாதிரி இருந்தார், "இம்யூனிட்டியத்தான் தமிழ்ல சொல்லியிருக்காங்க" என்று எனக்கு விளக்கினார். கொஞ்சம் தள்ளிக் கீரைக்கூடையோடு அந்தம்மா உட்கார்ந்திருந்தார். அவரிடம் மட்டும் கேட்கவில்லை. அவருக்கு விடை தெரியும்.

ஜெல்லில் விடை தெரிந்த ஒரு ரத்த மாதிரியைப் பக்கத்தில் ஓட்டாமல் எந்தக் கோட்டையும் நம்பக் கூடாது என்று உனக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள். சொல்லுக்கும் அதைச் செய். உன் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அதே கூட்டு ரோட்டுக்குப் போய் நாலு பேரிடம் படித்துக்காட்டு. அவர்கள் திருப்பிச் சொல்வதைக் கேள். அதற்குப் பிறகும் அந்த வரிதான் வேண்டும் என்று முசியே சொன்னால், அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லித்தர மாட்டேன். நான் சொன்னதைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று உனக்கு இப்போது தெரியும். சம்பளமும் கல்யாண வயதும் உன்னுடையவை. ஆனால் தெரியாது என்று இனிமேல் உன்னால் சொல்ல முடியாது.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். பழக்க தோஷத்தில் கீழே கையெழுத்துப் போடப் பேனா போனது. நிறுத்திவிட்டேன். என் பெயரைப் போட்டால், இதோ ஒருவன் பெயருக்காக மறுபடி கிளம்பிவிட்டான் என்பாய். உன் பெயரையும் எழுதவில்லை, உன் அம்மா பெயரையும் எழுதவில்லை, முசியே பெயரைக்கூட எழுதவில்லை. அவர் கொடுத்துவைத்தவர். அட்டவணையில் தொடர்பு விட்டுப்போனவராக ஆக்கப்பட்ட ஒருவரின் பெயர் மட்டும்தான் இதில் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். உறையில் போட்டு ஒட்டி, கையெழுத்தில்லாமலேயே தபாலில் போடப் போகிறேன்.